கண்ணாடி போடாத படம்

என் அக்காவை ஓர் அமெரிக்கக்காரி எண்ணெய் வண்ணத்தில் படம் வரைந்தாள் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. எங்கே, படத்தைக் காட்டு என்கிறார்கள். காட்ட என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. துணி இருக்கிறது. கரும்பச்சை உடுப்பும் மடியில் கிடக்கும் இரண்டு கைகளும் இருக்கின்றன. முகம்தான் இல்லை. அவளுக்கென்று எங்களிடம் இருந்தது அந்த ஒரு முகம்தான். அது எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆறுமா என்று தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். அந்தச் சந்தில் கையில்லாத சட்டை போட்டு நடந்த முதல் பெண் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில், பெண்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. யாருக்கு எந்தக் கழுத்துவெட்டு எடுப்பாக இருக்கும், யாருக்கு எந்த நிறம் எடுக்காது என்பதையெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். பாண்டி பஜார் நடைபாதையில் வெட்டி மிஞ்சின துண்டுத் துணியை வாங்கி அவள் தைத்துப் போட்டுக்கொண்டு போனால், எந்தக் கடையில் எடுத்தது என்று பஸ்ஸில் கேட்பார்கள். தோளோடு வெட்டிய முடி, உயரக் குதிகால் செருப்பு, நகத்துக்குச் சாயம். காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்றாளென்றால் எனக்குக் காலேஜ் பஸ் போய்விடும்.

அழகான அக்காவுக்குத் தங்கையாகப் பிறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவளை வாய்பிளந்து பார்த்து முடித்துவிட்டு, போனால் போகிறது என்று என் பக்கம் திரும்பி, "நீயும் லட்சணமாத்தான் இருக்கே" என்பார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பதும் நான்தான்.

அவள் பொட்டு வைக்கமாட்டாள். ஊர் அதையும் ஃபேஷன் கணக்கில் எழுதியது. உண்மை வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி, அந்தப் பசை அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு மிளகு அகலத்துக்குத் தோல் வெளுத்துவிட்டது. பொட்டை நிறுத்துங்கள், நிறம் தானாகத் திரும்பும் என்றார் தோல் டாக்டர். அம்மாவுக்கு அந்த வெளுப்பைப் பார்த்தாலே பயம். பெண் பார்க்க வருகிறவர்கள் வெண்குஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?

"ஸ்டிக்கர் வேணாம், குங்குமம் வைடி. மறைஞ்சிடும்" என்பாள் அம்மா.

"மறைக்கிறதுக்காக வைக்கணும்னா எனக்கு வேணாம்மா."

தினமும் காலையில் இதே கூத்துதான். அம்மா மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வருவாள். அக்கா வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொள்வாள். அம்மாவின் விரல் அந்தரத்தில் நிற்கும். பிறகு அந்தக் குங்குமத்தைக் கொண்டுவந்து என் நெற்றியில் தேய்ப்பாள். அக்காவுக்கு யாரும் முகத்தைத் தொட்டால் பிடிக்காது. கன்னத்தை வழித்தால்கூட, "பவுடர் கலைஞ்சிடும்மா" என்று நகர்ந்துவிடுவாள். அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

அந்த அமெரிக்கக்காரி கடைக்கு வந்தது ரவிக்கை தைத்துக்கொள்ள. ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் செம்புள்ளி. நக இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம். அடையாறில் கடற்கரைக்குப் போகிற சாலையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துச் சில மாதங்கள் தங்கியிருந்தாள். அக்கா அவளுக்கு அளவெடுக்க, அவள் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசியில், உன்னை வரையட்டுமா என்று கேட்டாள். தன் நாட்டில் நவநாகரிகப் பெண்களை வரைவதுதான் தன் வேலை, உள்ளதை உள்ளபடி வரைவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். அக்கா அந்தப் பின்பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகை அட்டையில் வருகிற மாதிரி வருவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கையும் கூடப் போனால் போகலாம் என்று அப்பா சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போவோம். மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல். அக்கா அவளே தைத்த கரும்பச்சைப் பட்டு உடுப்பில், தோள் தெரிய, பிரம்பு நாற்காலியில் உட்காருவாள். நான் மூலையில் பாயில் பரீட்சைக்குப் படிப்பேன், அதாவது படிக்கிற மாதிரி பாவனை செய்வேன். அந்த அம்மாள் வெகுநேரம் வெறுமனே பார்ப்பாள். பார்த்துப் பார்த்து, தூரிகையால் ஒரு இழுப்பு இழுப்பாள். திரும்பவும் பார்ப்பாள். அடுப்பில் பால் வைத்தவள் அதைப் பார்ப்பதுபோல், கண்ணை எடுக்காமல் அப்படி ஒரு பார்வை. அக்காவுக்கு முதல் நாளெல்லாம் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கொஞ்சம் உருவம் வந்த பிறகு ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கைமேல் அம்மைகுத்தின தழும்பு அப்படியே இருந்தது. நகச்சாயம் உதிர்ந்த கட்டைவிரல் இருந்தது. நாளெல்லாம் கடையில் நின்றே இருப்பவளின் கண்ணிமை இருந்தது. ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று மேலே இருந்தது. நெற்றியில் அந்த வெளுப்பும் இருந்தது, மிளகு அகலத்தில், கூட்டாமல் குறைக்காமல்.

அன்றைக்கு ஆட்டோவில் திரும்பினோம். அடையாறு பாலம் தாண்டிய பிறகு கேட்டாள்.

"நல்லா இருக்காடி?"

"உன்ன மாதிரியே இருக்கு."

"அதான் கேக்கறேன்."

நல்லா இருக்கு என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "என்னை இவ்ளோ நேரம் யாரும் பார்த்ததில்லைடி" என்றாள்.

இதையெல்லாம் கேட்டு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை தானும் கிளம்பிவிட்டாள். கைப்பையில் குங்குமச் சிமிழ். படத்தைப் பார்த்தவுடன் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்கவே முடியாது. அமங்கலியைப்போல் வெறும் நெற்றி, அதில் அந்த வெளுப்பு, ஊருக்கெல்லாம் காட்டுவதற்கென்றே வரைந்த மாதிரி.

"ஒரே ஒரு பொட்டு வைக்கச் சொல்லு. ஒரு சொட்டு சிவப்பு. அவங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் அக்காவிடம்.

அக்கா வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, நாளைக்கு இவள் பொட்டு வைத்துக்கொண்டு வந்தால் பொட்டை வரைவேன், வைக்காமல் வந்தால் எனக்கு வரைய ஒன்றுமில்லை என்றாள். அதையும் அக்காதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தாள். அம்மா சிமிழைத் திறந்து விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் படத்தை அக்காவுக்கே கொடுத்துவிட்டாள். இது காய மாதக்கணக்காகும், கண்ணாடி போட்டு அடைத்துவிடாதீர்கள், காற்றுப்பட மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாட்டுவதாவது. அம்மா அதை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டாள். அக்கா சண்டை போடவில்லை.

அதற்கு ஈடாக அம்மா அவளைத் தி. நகரில் ஒரு ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க ஒரு போட்டோ எடுத்தாள். பட்டுப்புடவை, சவுரி முடி, தலை நிறையப் பூ. ஸ்டூடியோக்காரர் தன் கைவரிசையைக் காட்டி நிறத்தைத் தூக்கி, புருவத்தைச் சமன் செய்து, நெற்றியில் தானே ஒரு பொட்டும் வைத்துக் கொடுத்துவிட்டார். நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டுப் பெண் என்றுதான் தெரியவில்லை.

அந்த வருட மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். இதைவிட நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியத்துக்குப் படம் வேண்டும். மற்றதெல்லாம் யாராவது கல்யாணத்தில் எடுத்த கூட்டப் போட்டோ, அவற்றில் அவள் பாதி முகம்தான் தெரிவாள். அப்பா ஸ்டூடியோ போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். பாயில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்துவந்து அதைப் பார்த்தாள்.

"யாருங்க இது?" என்றாள்.

அப்பா சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது என் பொண்ணு இல்ல. பரண்மேல கெடக்குதே, அதை எடுங்க."

எடுத்தோம். வேட்டியை அவிழ்த்ததும் அக்கா எங்களைப் பார்த்தாள். களைத்த இமையோடு, ஏறின புருவத்தோடு, இப்போதுதான் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தவள் மாதிரி. அம்மா அழுத அழுகையில் வந்தவர்களெல்லாம் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வீடுகளில் கல்யாணமாகாமல் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் ஒரு நல்லது நடக்குமுன் அவளுக்குப் புடவை, வளையல், பூ வைத்துப் படைத்து, அவளைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குவோம். அம்மா நல்லது கெட்டதுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் செய்தாள். குளத்தங்கரையில் பூ விற்கிற அம்மாவுக்கு இது பழகிப்போய், நான் போய் நின்றவுடன், "இன்னாம்மா, பெரிய பாப்பாவுக்குத்தானே? நல்ல மல்லி கீது, எடுத்துனு போ" என்று தானாக அளந்து கொடுப்பாள். பெரிய பாப்பா என்று அவள் நிகழ்காலத்தில் பேசுவது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

சாமி படம், செத்தவர் படம் எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை என்ன செய்வோமோ அதையேதான் அம்மா இதற்கும் செய்தாள். ஈரத்துணியால் போன வாரத்துச் சந்தனத்தைத் துடைப்பது, புதிதாகச் சந்தனம் குழைத்து வைப்பது, அதன்மேல் குங்குமம், சட்டத்தின் மேலிருந்து இறங்குகிற மாதிரி பூச்சரம். எங்களுக்குப் படம் என்றால் அதன்மேல் ஒரு கண்ணாடி இருக்கும். அழுந்தத் துடைத்தால் பளிச்சென்று ஆகும். இந்தப் படத்துக்குக் கண்ணாடி இல்லை, அந்த அம்மாள் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால். துடைக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவள் ஊரில் படத்தின் நெற்றியை யாரும் துடைப்பதில்லை போலிருக்கிறது.

அப்படிச் சில வருடங்கள் ஓடின. நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், எனக்கும் ஒரு வரன் அமைந்தது. அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டாள். "நீ அக்காவுக்குச் செஞ்சிடு" என்றாள்.

பூச்சரத்தை எடுத்துவிட்டு, காய்ந்த சந்தனத்தின்மேல் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். துணியில் மஞ்சள் வந்தது, சிவப்பு வந்தது. இன்னொரு தடவை துடைத்தேன். பழுப்பாக ஏதோ வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்தேன். அது என் அக்காவின் நிறம்.

படத்தைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். நெற்றி நடுவில் அந்த மிளகு வெளுப்பு இல்லை. அதிருந்த இடமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி நெசவு தெரிந்தது. புருவங்களின் உள்முனை இரண்டும் போயிருந்தன. மூக்கின் மேல்பக்கம் கரைந்திருந்தது. எப்போதும் சந்தனமும் பூவும் மூடிக்கொண்டே இருந்ததில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. இன்னும் எத்தனை நாளைக்கு?

அப்பாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் துணியை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லாதே. தன் கையாலேயே அழிச்சோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். மறுவாரம் அப்பா, ஏதோ இப்போதுதான் தோன்றினமாதிரி, அம்மாவிடம் பேச்செடுத்தார். அந்த அம்மா சொன்ன மாதமெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு, படம் காஞ்சாச்சு, தூசி படியுது, ஒரு கண்ணாடி போட்டுடலாம். அம்மா வேண்டாம் என்றாள். கல்யாண வீடு, நாலு பேர் வருவாங்க, புகை படும் என்றார். வேண்டாம் என்றாள். அப்பா கணக்கு வாத்தியாராயிற்றே, விடாமல் வேறு வேறு வழியில் போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்படி வாராவாரம் தேய்ச்சுத் தேய்ச்சு அவ மூஞ்சியே போயிடுச்சும்மா. நெத்தியே இல்ல. போய்ப் பாரு. கண்ணாடி போட்டா கண்ணாவது மிஞ்சும்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன். அம்மா மஞ்சள் கிண்ணத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"துடைக்கிறவளுக்குத் தெரியாதாடி? துணியில வர்றது சந்தனமா, எம் பொண்ணு தோலான்னு எனக்குத் தெரியாதா? போன வருஷமே தெரியும்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று நான் கேட்டேன். கேட்டேனா கத்தினேனா என்று நினைவில்லை. அம்மாவுக்கு மட்டுமா அவள் இருந்தாள்? என் அக்காவின் முகம் அது. எனக்கும்தானே சொந்தம்.

அம்மா அடுத்த பத்திரிகையை எடுத்து நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"உசுரோட இருந்தப்போ ஒரு நாள் தொட விட்டாளா? விரலக் கொண்டுட்டுப் போனா திருப்பிக்குவா. இப்பதான் திருப்பாம உக்காந்திருக்கா. கண்ணாடி போட்டுட்டா நான் கண்ணாடியத்தானே தொடணும்?"

கண்ணாடி போடும் பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படையல் போட்டோம். வாழையிலையில் புதுப்புடவை, கண்ணாடி வளையல், மல்லிகை, அவளுக்குப் பிடித்த ரவா கேசரி. நகச்சாயப் புட்டி ஒன்றும் இருந்தது. அம்மாதான் வாங்கிவந்திருக்கிறாள், எந்த நிறம் என்று கடைக்காரரோடு எவ்வளவு நேரம் நின்றாளோ. நல்ல காரியத்துக்குப் போகிறவள் அவளைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று என்னை முன்னால் நிறுத்தினாள். சந்தனக் கிண்ணத்தையும் சிமிழையும் என் கையில் கொடுத்தாள்.

நான் கிட்டப் போனேன். கண்கள் இன்னும் இருந்தன. என்னைத்தான் பார்த்தன. சந்தனத்தைத் தொட்டு அந்த வெறும் துணியில் லேசாக, பட்டும் படாமல் வைத்தேன். அதன்மேல் குங்குமத்தைக் கொண்டுபோனபோது என் விரல் நின்றுவிட்டது. நான் வைக்கிற ஒவ்வொன்றையும் அடுத்த வாரம் அம்மா துடைக்க வேண்டியிருக்கும்.

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, முன்னால் நகர்த்தினாள்.

"அழுத்தி வைடி" என்றாள். "அவ ஒண்ணும் சொல்லமாட்டா."